கடலூரில் பவளப்பாறை இல்லை. பவளப்பாறை மீன்களைப் படிக்க முடியுமா?

கெடிலக்கரை எழுதியது:

வணக்கம். கடலூரில் விலங்கியல் இளங்கலை இறுதியாண்டு படிக்கிறேன். முதுகலையில் கடல் உயிரியல் எடுத்து, பவளப்பாறை மீன்களின் வாழ்க்கையையும் சூழலியலையும் படிக்க வேண்டும் என்பது ஆசை. வீட்டில் தடை ஏதும் இல்லை. வெளியில் யாரிடம் யோசனை கேட்டாலும் ஒரே பதில்தான் வருகிறது: "நம் கடலில் பவளமே இல்லையே, எதைப் படிக்கப் போகிறாய்? ராமேசுவரம் போ, இல்லாவிட்டால் அந்தமான் போ." போக வேண்டிய நேரத்தில் போகத்தான் போகிறேன். அதுவரை இங்கே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதானா? தேவனாம்பட்டினத்திலிருந்தோ முதுநகர்த் துறைமுகத்திலிருந்தோ செய்யக்கூடிய வேலை ஏதாவது உண்டா? நீச்சல் தெரியும், ஆனால் ஆற்று நீச்சல்தான். முக்குளிப்புப் பயிற்சிக்குப் பணம் கட்டும் நிலையில் இப்போது இல்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

உப்பனாறு எழுதியது:

தாராளமாகப் படிக்கலாம், சகோதரி. படித்துவிட்டு என்ன வேலைக்குப் போவீர்கள் என்பதையும் இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். என் மைத்துனர் கடல் உயிரியலில் முதுகலை முடித்தவர். இன்று மருந்து விற்கும் பிரதிநிதியாக ஊர் ஊராகப் போகிறார்.

வெள்ளாறு எழுதியது:

வேலைக் கவலையைப் பிறகு பார்ப்போம், உப்பனாறு. முதலில் கேள்விக்கு வருகிறேன். நான் பரங்கிப்பேட்டையில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையத்தில் ஆய்வு மாணவன்.

கடலூரில் பவளத்திட்டு வளராததற்குக் காரணம் ஆறுகள். பவளத்துக்கு வெதுவெதுப்பான, உப்புக் குறையாத, வெயில் உள்ளே இறங்குகிற தெளிந்த நீர் வேண்டும். ஒட்டிக்கொள்ளக் கெட்டியான தரை வேண்டும். நமக்கோ வடக்கே பெண்ணையாறு, ஊருக்குள் கெடிலம், தெற்கே வெள்ளாறு, அதற்கும் தெற்கே கொள்ளிடம். ஐப்பசி, கார்த்திகையில் இவை நான்கும் சேர்ந்து கொண்டுவந்து கொட்டும் வண்டலில் கடலே பல நாள் செம்மண் நிறத்தில் கிடக்கும். பவளப் பூச்சிகள் மூச்சுத் திணறிவிடும். ராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றிப் பவளம் இருக்கிறது, இங்கே இல்லை என்பதன் கதை பெரும்பாலும் இதுதான்.

ஆனால் பவளம் இல்லை என்பதிலிருந்து பவளப்பாறை மீன் இல்லை என்ற முடிவுக்குத் தாவுகிறார்களே, அங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. களவா, செப்பிலி, விளமீன், ஓரா, கிளாத்தி, அஞ்சாலை எல்லாம் யார்? பவளத் திட்டில் எந்தக் குடும்பங்கள் வாழ்கின்றனவோ அதே குடும்பங்கள். அவற்றில் பலவற்றுக்கு உயிருள்ள பவளம் கட்டாயமில்லை. பொந்தும் இடுக்கும் உள்ள கெட்டியான பாறை போதும். அப்படிப்பட்ட பாறைத் தரை புதுச்சேரிக்கு எதிரேயும் உண்டு, நமக்கு எதிரேயும் உண்டு. பவளத்தையே தின்று வாழும் சில வண்ணத்துப்பூச்சி மீன்களை இங்கே தேடாதீர்கள். மற்றவற்றைத் தேட முதுநகர் ஏலக்கூடமே போதும்.

இன்னொரு விஷயம். பவளப்பாறை மீன்களில் மிகப் பெரும்பாலானவை குஞ்சுப் பருவத்தில் பாறையிலேயே இருப்பதில்லை. முட்டை பொரிந்ததும் கண்ணாடி போன்ற நுண்குஞ்சு திறந்த கடலுக்குப் போய்விடும். கோமாளி மீனுக்கு ஏறக்குறைய பதினோரு நாள், சில வண்ணத்துப்பூச்சி மீன்களுக்கு ஒரு மாதத்துக்கு மேல் என்று நீரோட்டத்தில் அலைந்துவிட்டுத்தான் ஒரு பாறையில் வந்து அமரும். நம் கரையோர நீரோட்டம் மாசி முதல் வைகாசி வரை வடக்கு நோக்கி ஓடுகிறது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தெற்கே திரும்புகிறது. அப்படியானால் புதுச்சேரிப் பாறையில் இருக்கும் ஒரு செப்பிலி எங்கே பிறந்தது? இந்தக் கேள்வியைக் கடலூரில் உட்கார்ந்துகொண்டு கேட்பதுதான் பொருத்தம். தீவில் இருப்பவருக்கு இது தோன்றவே தோன்றாது.

பழையதுறை எழுதியது:

ஓய்வு பெற்ற விலங்கியல் பேராசிரியன், புதுச்சேரிவாசி. வெள்ளாறு தம்பி சொன்னதற்கு ஒரு பழைய சாட்சி தருகிறேன்.

1828இல் பாரிசில் வலான்சியேன் என்ற மீனியலாளர் ஒரு களவாவை விவரித்து அறிவியல் பெயர் சூட்டினார். இன்று அதை செஃபலோஃபோலிஸ் சொன்னெராட்டி என்கிறார்கள். செங்கடலுக்குத் தெற்கே ஆப்பிரிக்கக் கரையிலிருந்து பசிபிக் தீவுகள் வரை பவளப் பகுதிகளில் காணப்படும் செந்நிறக் களவா. அந்த இனம் முதன்முதலில் எங்கிருந்து விவரிக்கப்பட்டது தெரியுமா? பதிவில் இருக்கும் இடம் புதுச்சேரி. பெயரில் இருப்பவர் பியர் சொன்னெரா. பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கே வந்து தங்கிய பிரெஞ்சு இயற்கையியலாளர். நம் மலைக்காடுகளில் திரியும் சாம்பல் நிறக் காட்டுக்கோழியும் அறிவியலில் அவர் பெயரைத்தான் சுமக்கிறது.

ஆக, பவளப்பாறை மீன் ஒன்றை உலகத்துக்கே அறிமுகம் செய்துவைத்த கரையில் நின்றுகொண்டு, இங்கே அதைப் படிக்க வழியுண்டா என்று கேட்கிறீர்கள், அம்மா. வழி உண்டு. களவாக்களில் பெரும்பாலானவை பெண்ணாக வளர்ந்து, பெரிதான பின் ஆணாக மாறுபவை என்பதைப் பாடத்தில் படித்திருப்பீர்கள். இதை ஏலக்கூடத்தில் வைத்து யோசித்துப் பாருங்கள். தூண்டில்காரர் பெரிய மீனையே விரும்புகிறார், வாங்குபவரும் பெரியதற்கே அதிக விலை தருகிறார். அப்படியானால் கடலிலிருந்து முதலில் காணாமல் போவது ஆண்கள். ஒரு கரையில் இறங்கும் களவாக்களின் நீளத்தை ஓராண்டு ஒழுங்காக அளந்தாலே இந்தக் கதையின் ஒரு நுனி கையில் கிடைத்துவிடும். அதற்கு முக்குளிப்பு வேண்டியதில்லை. அளவுகோலும் பொறுமையும் வேண்டும்.

சோழகக்காற்று எழுதியது:

நான் தேவனாம்பட்டினம். ஃபைபர் படகில் தூண்டிலுக்குப் போகிறவன். ஐயா சொன்ன செந்நிறக் களவா எங்களுக்கும் கிடைக்கும், ஆனால் அடிக்கடி இல்லை. அதிகம் கிடைப்பது புள்ளிக் களவா.

நீங்கள் பவளம், பாறை என்று என்னவோ சொல்கிறீர்கள். எங்களுக்கு அது பார். ஒவ்வொரு பாருக்கும் அடையாளம் இருக்கிறது. முன்பு கரையில் தெரியும் கோபுரம், கலங்கரை விளக்கம், தென்னந்தோப்பு இவற்றை ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்துக் கணிப்போம். இப்போது இளவட்டங்கள் ஜிபிஎஸ் கருவியில் குறித்து வைத்திருக்கிறார்கள். தங்கள் அண்ணனுக்கே காட்டமாட்டார்கள். அதனால் சகோதரிக்கு முதல் எச்சரிக்கை: "இது எங்கே பிடித்தது?" என்று எடுத்த எடுப்பில் கேட்காதீர்கள். கேட்டால் எவரும் உண்மை சொல்லமாட்டார். ஆழம் எத்தனை பாகம் (இரு கையையும் விரித்த நீளம் ஒரு பாகம்), தரை சேறா, மணலா, கல்லா என்று கேளுங்கள். அதைச் சொல்வார்கள்.

தண்ணீர் கலங்கியிருந்தால் பாரில் மீன் தூண்டிலை எடுக்காது. தெளிவு வந்த நாளில் போனால் எடுக்கும். உங்கள் ஏட்டில் அதற்கும் ஓர் இடம் விடுங்கள்.

கெடிலக்கரை எழுதியது:

இத்தனை பதில்களை எதிர்பார்க்கவில்லை. ஐயா, அண்ணா, எல்லாருக்கும் நன்றி. நீளம் அளப்பது புரிகிறது. மீனின் வயதை எப்படிக் கண்டுபிடிப்பது? காதுக்கல் என்று பாடத்தில் ஒரு பத்தி வருகிறது, அதற்கு மேல் எங்கள் கல்லூரியில் யாரும் செய்து காட்டியதில்லை. தலையை வெட்டினால் மீன் விற்பவர் விடுவாரா?

கண்ணாடித்தொட்டி எழுதியது:

கடலூரில் செப்பிலித் தலையை இலவசமாகக் கேட்டுப் பாருங்கள், அன்று ஏலக்கூடத்தில் உங்களைப் பற்றித்தான் பேச்சாக இருக்கும். குழம்புக்கு உடம்பைவிடத் தலைக்குத்தான் மதிப்பு.

வெள்ளாறு எழுதியது:

கண்ணாடித்தொட்டி சொல்வது உண்மைதான். அதற்காகவே ஒரு முறை இருக்கிறது. தலை வெளிப்பார்வைக்குச் சிதையாது.

மீனை மல்லாத்திப் பிடித்துக்கொண்டு செவுள் மூடியைத் தூக்குங்கள். சிவந்த செவுள்களை ஒதுக்கினால் உள்ளே மண்டையோட்டின் அடிப்பக்கம் தெரியும். அங்கிருக்கும் சதையையும் சவ்வையும் கத்தி முனையால் சுரண்டுங்கள். முதுகெலும்பு மண்டையோடு சேரும் இடத்துக்குச் சற்று முன்னால், இரண்டு பக்கமும் எலும்பு லேசாகப் புடைத்திருக்கும். அந்தப் புடைப்பைக் கத்தியால் மெல்லச் சீவினால் உள்ளே குழி. குழிக்குள் நகம் போல வளைந்த வெள்ளைக் கல். மெல்லிய இடுக்கியால் எடுக்க வேண்டும். அழுத்தினால் நொறுங்கிவிடும். வலம் ஒன்று, இடம் ஒன்று. ஒரு பக்கம் குழிவாக இருக்கும், மறுபக்கம் நீளவாக்கில் ஒரு பள்ளம் ஓடும். நல்ல தண்ணீரில் கழுவி, ஒட்டியிருக்கும் சவ்வை விரலால் தேய்த்து நீக்கி, உலர்த்தி, சிறு குப்பியில் போட்டு, இனம், நீளம், எடை, தேதி, கரை எழுதிய சீட்டை உள்ளேயே வையுங்கள். மூடியில் மட்டும் எழுதினால் மூடி மாறிப்போகும்.

வயதைப் பார்க்க, கல்லைப் பிசினில் பதித்து நடு மையம் வழியாக மெல்லிய சீவலாக அறுத்து, தேய்த்து, நுண்ணோக்கியில் வைக்க வேண்டும். மரத்தின் வளையம் மாதிரி வரிகள் தெரியும். வளர்ந்த மீனில் ஆண்டு வரிகள். குஞ்சில் நாள் வரிகள்கூட. மீனின் காதுக்கல்லில் நாளுக்கு ஒரு வரி படிகிறது என்பதை 1971இல் பனெல்லா என்பவர் எடுத்துக்காட்டிய பிறகுதான், ஒரு குஞ்சு எத்தனை நாள் கடலில் அலைந்தது, எந்த நாளில் பாறையில் அமர்ந்தது என்றெல்லாம் கணக்குச் சொல்ல முடிந்தது. அறுக்கும் கருவி உங்கள் கல்லூரியில் இல்லாவிட்டால் கவலை வேண்டாம், கல் கெட்டுப்போகாது. இப்போது சேர்த்து வையுங்கள், முதுகலையில் அறுக்கலாம்.

இரண்டு எச்சரிக்கைகள். ஃபார்மலினில் போடாதீர்கள், நாளடைவில் அதன் அமிலம் கல்லை அரித்துவிடும். புளிக்குழம்பில் வெந்த தலையிலிருந்து எடுத்ததையும் சேர்க்காதீர்கள். காதுக்கல் சுண்ணாம்பு, புளி அதையும் கரைக்கும். எங்கள் விடுதியில் இதைச் செய்து பார்த்த பெரியவர்கள் உண்டு.

இந்தக் கல் என்னவெல்லாம் சொல்லும் என்பதற்கு இரண்டு எல்லைகள் சொல்கிறேன். ஆஸ்திரேலியாவின் மேற்கே ரௌலி திட்டுகளில் பிடித்த ஒரு செப்பிலிக் குடும்பத்து மீனுக்கு 81 வயது என்று 2020இல் கணக்கிட்டார்கள். அதே நாட்டின் கிழக்கே பெருந்தடுப்புப் பவளத்திட்டில் வாழும் ஒரு குட்டி உழுவை மீனுக்கு முழு ஆயுளே 59 நாள். அதில் மூன்று வாரம் கடலில் அலைச்சலிலேயே போய்விடுகிறது. இரண்டும் ஒரே மாதிரியான பாறையில் வாழ்பவைதான். பெரியவை கண்ணில் படுகின்றன, படத்தில் வருகின்றன. பாறையின் பசியை ஆற்றுவது இந்த விரல் நுனி அளவுக் குட்டிகள்தான். செத்துக்கொண்டே இருக்கின்றன, புதிதாக வந்துகொண்டே இருக்கின்றன.

உப்பனாறு எழுதியது:

எண்பத்தொரு வயது மீனைப் பிடித்துக் கொன்றுதான் வயது சொல்ல வேண்டுமா?

வெள்ளாறு எழுதியது:

நியாயமான கேள்வி. ஆம், காதுக்கல்லுக்கு மீன் சாக வேண்டும். அதனால்தான் ஏலக்கூடத்துக்குப் போகச் சொல்கிறேன். அங்கே ஏற்கெனவே செத்துக் கிடக்கிறது. ஆய்வுக்கென்று தனியாக ஒரு மீனையும் கொல்ல வேண்டாம்.

கொல்லாமலே குறியிட்ட ஆய்வும் உண்டு. பப்புவா நியூ கினியில் கிம்பே விரிகுடா என்ற இடத்தில் கோமாளி மீன் தாய்களின் உடலில் அரிதான பேரியம் அணுவகையை ஊசி வழியே ஏற்றினார்கள். அது முட்டைக்குள் போய், பிறக்கும் குஞ்சின் காதுக்கல்லின் மையத்தில் முத்திரையாகப் படிந்தது. பிறகு அதே தீவில் வந்து அமர்ந்த குஞ்சுகளைச் சோதித்தபோது ஏறக்குறைய 60 சதவீதம் சொந்தப் பாறைக்கே திரும்பி வந்தவை. 2007இல் வெளியான முடிவு. அதுவரை, நீரோட்டம் அடித்துக்கொண்டு போன குஞ்சு எங்கோ போய்ச் சேரும் என்றுதான் பலரும் நினைத்திருந்தார்கள். (குஞ்சைச் சோதிக்க அதைக் கொல்லத்தான் வேண்டியிருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், உப்பனாறு விடமாட்டார்.)

கண்ணாடித்தொட்டி எழுதியது:

கோமாளி மீன் பேச்சு வந்ததால் நுழைகிறேன். எனக்கு நெல்லிக்குப்பம். உப்புநீர்த் தொட்டி வைத்திருக்கிறேன். ஒரு ஜோடி முட்டையிட்டிருக்கிறது.

ஆய்வுக்கூடம் இல்லையே என்று வருந்தும் சகோதரி இதைப் பார்க்க வேண்டும். முட்டையிடுவதற்கு முன்பே ஜோடி இரண்டும் தொட்டிக்குள் வைத்த ஓட்டின் மேல் ஒரு பகுதியை வாயால் கொத்திக் கொத்திச் சுத்தம் செய்தன. முட்டை முதலில் ஆரஞ்சு நிறம். ஆண் மீன் பக்கத்துடுப்பால் விசிறிக்கொண்டே இருக்கிறது. வெளுத்துப்போன முட்டையை வாயால் எடுத்துத் தின்றுவிடுகிறது. மூன்று நான்கு நாளில் நிறம் கறுத்தது. இப்போது ஒவ்வொரு முட்டையிலும் வெள்ளி மின்னும் இரண்டு கண்கள் தெரிகின்றன. கண் மின்னத் தொடங்கினால் விளக்கை அணைத்த பிறகு ஒரு ராத்திரியில் பொரியும். பொரிந்த பிறகுதான் என் பாடு. ரோட்டிஃபர் என்ற மிகச் சிறிய நீர் உயிரியை வளர்த்துத் தீனி போட வேண்டும்.

பெண் பெரியது. அது செத்தால் ஆண் பெண்ணாகிவிடும், அடுத்த குட்டி ஆணாகும். களவாவுக்கு நேர் எதிர்.

ஒரு சந்தேகம். தொட்டியில் வைக்க உயிருள்ள பவளத்துண்டு இரண்டு கிடைக்குமா? ராமேசுவரம் பக்கம் சொல்லி வைத்தால் கிடைக்கும் என்கிறார்கள்.

வெள்ளாறு எழுதியது:

வேண்டவே வேண்டாம். பாறை கட்டும் பவளம் எல்லாம் 2001 முதல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. கடல் குதிரையும் அப்படியே. புலிக்கு என்ன சட்டமோ அதே சட்டம். கரையில் ஒதுங்கிய செத்த துண்டு என்றாலும் வீட்டுக்குக் கொண்டு வராதீர்கள். மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்காக ஆண்டாண்டாகப் பவளத்தை வெட்டி எடுத்ததில், 21 தீவுகளில் இரண்டு கடலுக்குள் மூழ்கியே போயின.

உங்கள் கோமாளி ஜோடியில் குற்றமில்லை; தொட்டியில் பிறந்த மீனாக வாங்கியிருந்தால் நல்லது. பரங்கிப்பேட்டையில் வெள்ளாற்று முகத்துவார நீரை வைத்தே கோமாளி மீனை முட்டையிடச் செய்து குஞ்சு வளர்த்தார்கள். 2009இல் ஆய்வுக் கட்டுரையாக வந்தது. பவளம் வாழாத ஆற்று முகத்தில் பவளப்பாறை மீன் பிறந்த கதை. இழையின் தலைப்புக்கு இதைவிடப் பொருத்தமான பதில் எனக்குத் தெரியவில்லை.

புதுவைமுக்குளி எழுதியது:

புதுச்சேரியில் முக்குளிப்புப் பயிற்றுநராக இருக்கிறேன். நீருக்கு அடியில் வேலை எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். பணம் சேர்ந்த பிறகு உதவும்.

பரவலாகச் செய்யும் கணக்கெடுப்பு இதுதான். பாறை மேல் 50 மீட்டர் நாடாவை விரிக்க வேண்டும். விரித்ததும் எண்ணத் தொடங்கக் கூடாது. மீன்கள் மிரண்டு ஒதுங்கியிருக்கும். சில நிமிடம் விலகி நின்றால் திரும்பி வரும். பிறகு நாடாவை ஒட்டி மெல்ல நீந்தியபடி இருபுறமும் இரண்டரை மீட்டருக்குள் தெரியும் மீனை இனவாரியாக, நீளம் மதிப்பிட்டுப் பலகையில் எழுத வேண்டும். முதல் சுற்றில் ஓடித்திரியும் பெரிய மீன்கள். திரும்பும் சுற்றில் இன்னும் குறுகிய அகலத்தில், பாறையைப் பிரியாத சின்ன மீன்கள்.

நீளம் மதிப்பிடுவதுதான் கடினம். முகக்கண்ணாடி வழியே நீருக்குள் எல்லாம் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும். அதனால் அளவு தெரிந்த பிளாஸ்டிக் மீன் உருவங்களைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு, கண் பழகும் வரை பயிற்சி செய்வார்கள். நிறமும் ஏமாற்றும். சிவப்பு சில மீட்டர் ஆழத்திலேயே மங்கத் தொடங்கிவிடும். பழையதுறை ஐயா சொன்ன செந்நிறக் களவா இருபது மீட்டரில் விளக்கில்லாமல் பார்த்தால் கரும்பழுப்புதான். நிறத்தை நம்பாமல் உடல்வாகு, துடுப்பு, வால் இவற்றை வைத்து இனம் காணப் பழகுங்கள்.

எங்கள் பக்கம் பார்வைத் தெளிவுதான் தலைவிதி. இரண்டரை மீட்டருக்கு அப்பால் எதுவுமே தெரியாத நாள்களில் 250 சதுர மீட்டர் எண்ணினேன் என்று எழுதுவது பொய்க்கணக்கு. அத்தகைய நாள்களில் இரையோடு கேமராவைத் தரையில் இறக்கி வைத்துவிட்டு வருவது மேல்.

புதுச்சேரிக்கு எதிரே முக்குளிப்பவர்கள் கான்கிரீட்டும் மற்றதும் இறக்கி அமைத்த செயற்கைப் பாறை இருக்கிறது. வெறும் மணலாக இருந்த இடத்தில் இன்று செப்பிலிக் கூட்டம் சுற்றுகிறது, பொந்தில் அஞ்சாலை எட்டிப் பார்க்கிறது. கடலூரிலும் இப்படிச் செய்தால் நீங்கள் அந்தமானுக்கே போக வேண்டாம்.

பழையதுறை எழுதியது:

கூட்டம் சுற்றுகிறது சரி. கூடியதா, கூடப் பிறந்ததா?

புதுவைமுக்குளி எழுதியது:

ஐயா, புரியவில்லை.

வெள்ளாறு எழுதியது:

ஐயா கேட்பது செயற்கைப் பாறை ஆய்வாளர்களிடையே 1980களிலிருந்து நடக்கும் சண்டை. புதுப் பாறை புது மீனை உண்டாக்குகிறதா, அல்லது பக்கத்துப் பாரில் சிதறிக் கிடந்த மீனை ஓரிடத்தில் கூட்டிவைக்கிறதா? முதலாவது என்றால் கடலில் மீன் பெருகுகிறது. இரண்டாவது என்றால், பிடிப்பவருக்கு வசதியாக எல்லாவற்றையும் ஒரே இடத்தில் குவித்துக் கொடுத்தோம் என்று அர்த்தம். அது மீனுக்கு நன்மை இல்லை, தீமை.

பாறைக்குப் பாறை, இனத்துக்கு இனம் விடை மாறும். முக்குளிப்பவர் எடுத்த படத்தை வைத்து இதைத் தீர்க்க முடியாது. வந்து அமரும் குஞ்சு அளவுள்ளவை இருக்கின்றனவா, அவை அங்கேயே வளர்கின்றனவா, அதே சமயம் பக்கத்துப் பாரில் மீன் குறைந்ததா என்று மூன்றையும் பார்க்க வேண்டும். மூன்றாவதை எவரும் பார்ப்பதில்லை.

சோழகக்காற்று எழுதியது:

படித்தவர்கள் இதை நாற்பது வருடமாகப் பேசிக்கொண்டிருங்கள். எங்களுக்கு அதில் வேறு லாபம் இருக்கிறது. கான்கிரீட் கிடக்கும் இடத்தில் இழுவைமடிக்காரர் வலை இழுக்கமாட்டார், இழுத்தால் வலை கிழியும். அந்த இடம் தூண்டில்காரனுக்கு மிஞ்சுகிறது. மீன் அங்கே பிறந்தால் என்ன, பக்கத்திலிருந்து வந்தால் என்ன? இழுவைமடி அள்ளிக்கொண்டு போகாமல் நின்றதா இல்லையா, அதுதான் எங்கள் கணக்கு.

பழையதுறை எழுதியது:

இதை நான் ஏற்கிறேன். வேலியாக அது பயன்படுகிறது. ஆனால் வேலிக்குள் நின்று தூண்டில்காரர்களே பெரிய களவாவை எல்லாம் எடுத்துவிட்டால், தம்பி?

சோழகக்காற்று எழுதியது:

அதற்கு ஊர்ப் பஞ்சாயத்து இருக்கிறது, ஐயா. எல்லா ஊரிலும் கேட்கிறார்களா என்றால், இல்லை.

உப்பனாறு எழுதியது:

சிக்கலே வேண்டாம், பணிமனைகளில் தேய்ந்துபோன பஸ் டயர் மலை மாதிரி கிடக்கிறது. அதைக் கட்டி இறக்கிவிடலாமே. செலவும் மிச்சம்.

வெள்ளாறு எழுதியது:

அமெரிக்காவில் செய்து பார்த்துவிட்டார்கள். ஃபுளோரிடாக் கரைக்கு எதிரே 1970களில் ஏறக்குறைய இருபது லட்சம் டயர்களைக் கட்டி இறக்கினார்கள். கட்டியிருந்த கம்பி துருப்பிடித்து அறுந்தது. டயர்கள் புயலில் உருண்டு, பக்கத்தில் இருந்த இயற்கையான பவளத்தின் மேல் மோதி அதையும் அழித்தன. பல ஆண்டுகளாக அள்ளி வெளியே எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். 2011 டிசம்பரில் தானே புயல் நம் ஊரில் என்ன செய்தது என்று உங்களுக்கு நினைவிருக்கும். அந்தக் கடலில் டயரை இறக்கச் சொல்கிறீர்கள்.

பாறைக்கு மீனை அழைக்க வேறொரு விந்தையான வழி உண்டு. உயிருள்ள பாறை சத்தமாக இருக்கும். சொடுக்கு இறால்கள் கொடுக்கைச் சொடுக்குவதும் மீன்கள் உறுமுவதுமாக ஓயாத இரைச்சல். கடலில் அலையும் குஞ்சுகள் அந்த இரைச்சலைக் கேட்டே கரை சேர்கின்றன. 2005இல் பெருந்தடுப்புத் திட்டில் செத்த பவளத் துண்டுகளால் சிறு குவியல்கள் அமைத்து, சிலவற்றில் மட்டும் ஒலிபெருக்கி வைத்துப் பாறையின் சத்தத்தை இரவில் ஒலிக்கவிட்டார்கள். சத்தம் கேட்ட குவியல்களில்தான் அதிகக் குஞ்சுகள் வந்து அமர்ந்தன. நம் துறைமுக எந்திரப் படகுகளின் இரைச்சலுக்கு நடுவே அந்தக் குஞ்சு எதைக் கேட்கும் என்பது யாராவது எடுத்துச் செய்ய வேண்டிய ஆய்வு.

கெடிலக்கரை எழுதியது:

முடிவு செய்துவிட்டேன். முதுநகரில் களவாவையும் செப்பிலியையும் அளக்கப் போகிறேன். காதுக்கல்லும் சேர்ப்பேன். முதுகலைக்குப் பரங்கிப்பேட்டையா, போர்ட் பிளேரா?

பழையதுறை எழுதியது:

இரண்டுக்கும் விண்ணப்பியுங்கள், அம்மா. புதுவைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் துறை போர்ட் பிளேரில்தான் இருக்கிறது. மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். அங்கே போனால் பவளம் வாசலிலேயே. பரங்கிப்பேட்டையில் முகத்துவாரமும் பிச்சாவரம் அலையாத்திக் காடும் வாசலில். செப்பிலியில் சில இனங்கள் குட்டிப் பருவத்தை அலையாத்தி வேர்களுக்கு இடையே கழிப்பவை என்பதால், அதுவும் உங்கள் பாடத்துக்கு வெளியே இல்லை. உப்பனாற்றின் கேள்விக்கும் ஒரு வரி: மண்டபத்திலும் தூத்துக்குடியிலும் கொச்சியிலும் இந்தப் படிப்புக்கு வேலை தரும் நிறுவனங்கள் உண்டு, இடங்கள் குறைவு, போட்டி அதிகம். அதை மறைப்பதில் பயனில்லை.

கடல் நீச்சல் கற்றுக்கொள்ளுங்கள். அது மட்டும் தள்ளிப்போடக் கூடாது.

வெள்ளாறு எழுதியது:

அளக்கும்போது ஒன்றில் கவனம். மூக்கு நுனியிலிருந்து வால் நுனி வரை அளப்பது மொத்த நீளம். வால் தொடங்கும் இடம் வரை அளப்பது திட்ட நீளம். களவாவின் வால் உருண்டை, செப்பிலியின் வால் சற்றே பிளந்தது. எதை அளந்தீர்கள் என்று ஏட்டின் தலைப்பிலேயே எழுதிவிடுங்கள், நடுவில் மாற்றாதீர்கள். வால் அறுந்த மீனைத் தனியாகக் குறியுங்கள். பனிக்கட்டியில் கிடந்த மீனா, அன்றைய மீனா என்பதையும் குறியுங்கள். பெரியதை மட்டும் பொறுக்கி அளக்கும் ஆசை வரும், விடாதீர்கள். கூடையில் எது முதலில் கைக்கு வருகிறதோ அதிலிருந்து வரிசையாக.

சோழகக்காற்று எழுதியது:

தூண்டில் படகுகள் விடிவதற்குள் வந்துவிடும், ஏலம் முடிந்தால் கூடை நகர்ந்துவிடும். ஆகவே இருட்டிலேயே வந்து நில்லுங்கள். முதல் நாள் அளவுகோலை எடுக்காதீர்கள், மீன் வாங்கிக்கொண்டு போங்கள். ஏலம் விடும் அம்மாக்களிடம் நான் சொல்லி வைக்கிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம். விசைப்படகு போகாது, ஃபைபர் படகு கரையோரம் போகும், மீன் வகை மாறும். அந்த 61 நாளையும் விட்டுவிடாமல் வாருங்கள். அப்போது கூட்டம் குறைவு, ஆற அமர அளக்கலாம்.